பேனரில் வினைல் ஒட்டும்போது கீறல் விழுவது ஏன்?

வினைல் என்பது பின்பக்கம் பசை உள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம். கறுப்புப் பளபளப்பு வினைலில் வெட்டிய எழுத்துகளை வெள்ளைப் பேனரில் ஒட்டி முடித்து நேராக நின்று பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பேனரின் ஒரு முனையைத் தூக்கி, விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தால்தான் விஷயம் தெரியும். எழுத்தின் மேல் மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாக ஓடியிருக்கும். நான் முதலில் ஒட்டிய பேனர் அப்படித்தான் ஆனது. குமிழி ஒன்றுகூட இல்லை, வரிசை கோணவில்லை, ஆனாலும் எழுத்து முழுக்கக் கீறல். ரொம்ப அழுத்திவிட்டோம் போலிருக்கிறது என்று அடுத்த பேனரில் பூப்போலத் தேய்த்தேன். கீறல் குறைந்தது. ஆனால் சில நாளிலேயே எழுத்துகளின் ஓரங்கள் தூக்கிக்கொண்டன.

அழுத்தினால் கீறுகிறது, அழுத்தாவிட்டால் உரிந்து வருகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இதிலிருந்து வெளியே வர ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும்: கீறலை உண்டாக்குவது அழுத்தம் அல்ல, உராய்வு. வினைலுக்கு அழுத்தம் கட்டாயம் வேண்டும். அதன் மேல் கடினமான எதுவும் நேரடியாக இழுபடக் கூடாது. கடையில் விற்கிற கருவிகளும், அனுபவசாலிகள் சொல்லித் தருகிற நுணுக்கங்களும் இந்த இரண்டையும் பிரித்து வைப்பதற்காக வந்தவையே.

அழுத்தம் ஏன் வேண்டும் என்று முதலில் பார்ப்போம். வினைலின் பின்பக்கம் இருக்கிற பசை, காய்ந்து இறுகுகிற பசை அல்ல. அழுத்தினால் ஒட்டுகிற வகை. மிக மிகக் கெட்டியான ஒரு திரவம் என்று அதை நினைத்துக்கொள்ளலாம். மேலே வைத்தால் அங்கங்கே மட்டும் தொடும். அழுத்தினால்தான் அது இளகி நகர்ந்து, அடியில் இருக்கிற பரப்பின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் இறங்கும். எவ்வளவு பரப்பைத் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. ஒட்டி முடித்த பிறகும் இந்த இறக்கம் மெதுவாகத் தொடரும். முழுப் பிடிப்பு வர ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும்.

கண்ணாடி மேல் ஒட்டுவதென்றால் பசைக்கு வேலை சுலபம், பரப்பு வழுவழுவென்று இருக்கும். பேனர் அப்படியில்லை. அதன் நடுவில் பாலியஸ்டர் நூலில் நெய்த வலை ஒன்று இருக்கிறது. அதன் இரு பக்கமும் பிவிசி பூசியிருப்பார்கள். வெறும் பேனரைச் சாய்த்துப் பாருங்கள், அந்த வலையின் கட்டங்கள் லேசான மேடு பள்ளமாகத் தெரியும். பசை அந்தப் பள்ளம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். ஆகவே பேனர் வேலையில் கண்ணாடி வேலையைவிட அழுத்தம் கூடுதலாகத்தான் வேண்டும், குறைக்க வழியில்லை.

சரி, கீறல் எங்கிருந்து வருகிறது? உள்ளங்கையை வினைல் மேல் வைத்து எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் அழுத்திவிட்டு அப்படியே எடுங்கள். ஒன்றும் ஆகாது. அதே கையில் மோதிரம் இருந்து, லேசாக இழுத்தால் போதும், கோடு விழுந்துவிடும். வினைலும் பிவிசியால் ஆனதுதான். பிவிசி இயல்பிலேயே விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாய்கள் அதில்தான் செய்கிறார்கள். அதோடு எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்த்தால் அது துவளும். வால்டோ சீமன் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1926இல் கண்டுபிடித்த வழி இது. அந்தப் பொருளை பிளாஸ்டிசைசர் என்கிறோம். பேனரின் மேடு பள்ளத்தோடு படிந்துபோகும் மென்மையை வினைலுக்குத் தருவது அதுதான். ஆனால் அந்த மென்மைக்காகவே அது கீறலுக்கும் எளிதில் இடம்கொடுக்கிறது. தடிமனும் மிகக் குறைவு. நல்ல வார்ப்பு வகை வினைல் சுமார் 50 மைக்ரான், உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்த சாதாரண வகை 70 முதல் 100 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் 10இல் ஒரு பங்கைத் தாண்டாத தோல் அது.

அந்தத் தோலின் மேல் கூர்மையான ஒன்று இழுபட்டால், ஏர் உழுத சால் மாதிரி ஒரு பள்ளமும் இரு கரையும் உண்டாகும். பளபளப்பான பரப்பு, தன் மேல் விழும் ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்புகிறது. உழுத சால் அதை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. கறுப்பு எழுத்தில் அந்தச் சிதறிய ஒளிதான் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. வெள்ளை வினைலிலும் அதே அளவு கீறல் விழுகிறது, பின்னணியும் வெள்ளை என்பதால் கண்ணில் படுவதில்லை. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு ஆகிய பளபளப்பு நிறங்களில் கூடுதல் கவனம் தேவைப்படுவது இதனால்தான். பளபளப்பில்லாத மேட் வினைலில் கதை தலைகீழ். அங்கே தேய்த்த இடம் வழுவழுப்பாகி, பட்டையாக மினுங்கும். அதுவும் சேதம்தான், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

கீறலைப் படித்துப் பார்ப்பது

குற்றவாளி யார் என்று கீறலே சொல்லிவிடும். கொஞ்ச நேரம் செலவழித்து அதைப் பார்க்கப் பழகினால் பாதி வேலை கற்ற மாதிரி.

வினைலை அழுத்தித் தேய்க்கும் பிளாஸ்டிக் பட்டையை ஸ்குவீஜி என்பார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் ஒரே இடைவெளியில், தேய்த்த திசைக்கு இணையாக, தெளிவான ஒற்றைக் கோடு விழுந்திருந்தால் பிழை அந்த ஸ்குவீஜியின் விளிம்பில் இருக்கிறது. கீழே விழுந்து சின்னதாக ஒரு பல் பட்டிருக்கும். அல்லது கத்தியோடு ஒரே பையில் கிடந்து வெட்டு வாங்கியிருக்கும். புது ஸ்குவீஜியாக இருந்தால் அச்சில் வார்த்தபோது உண்டான பிசிறு ஒட்டியிருக்கலாம். கட்டைவிரல் நகத்தை விளிம்பு நெடுக ஓட்டுங்கள். எங்கே நகம் தட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. கண்ணுக்குத் தெரியாததை நகம் கண்டுபிடித்துவிடும். இதை ஒவ்வொரு வேலைக்கு முன்பும் செய்கிறேன், பத்து விநாடிகூட ஆகாது. பிசிறு இருந்தால் தூக்கியெறிய வேண்டியதில்லை. 400ஆம் நம்பர் உப்புத்தாளை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் விரித்து, ஸ்குவீஜியைச் செங்குத்தாக நிறுத்தி நாலைந்து முறை இழுங்கள். பிறகு 800இல் இரண்டு முறை. இரு முனைகளையும் லேசாக உருட்டிவிட்டால், சாய்த்துப் பிடிக்கும்போது மூலை குத்தாது.

கோடு நடுவில் திடீரென்று தொடங்கி, கொஞ்ச தூரம் ஓடி, திடீரென்று நின்றிருந்தால் அது மணல். எங்கிருந்தோ வந்த ஒரு துகள் ஸ்குவீஜிக்கு அடியில் சிக்கி, கூடவே பயணித்து, வெளியேறியிருக்கிறது. சுருளிலிருந்து பேனரை விரிக்கும்போது உரசலில் நிலைமின்சாரம் ஏறும், உடனே சுற்றுவட்டாரத் தூசியெல்லாம் அதன் மேல் வந்து உட்காரும். அதனால் ஒட்டுவதற்குச் சற்று முன்பு துடைப்பதே நல்லது, காலையில் துடைத்துவிட்டு மாலையில் ஒட்டினால் பயனில்லை. நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். தூசி போவதோடு இன்னொரு நன்மையும் இருக்கிறது. பேனருக்குள் இருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மெல்ல மேலே கசிந்து எண்ணெய்ப் படலம் போலப் படியும், பசை பிடிக்காமல் போவதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆல்கஹால் அதையும் எடுத்துவிடும். தின்னர், பெட்ரோல் போன்றவை வேண்டாம், பேனரின் பூச்சையே இளக்கிவிடும்.

மேசையையும் துடையுங்கள். பேனருக்கு அடியில் ஒரு மணல் இருந்தால் மேலே ஒரு சின்ன மேடு உண்டாகும். ஸ்குவீஜி கடக்கும்போது மொத்த பலமும் அந்த மேட்டில் இறங்கும். வினைலில் ஊசித்தலை அளவு மினுங்கும் ஒரு புள்ளி நிரந்தரமாக நின்றுவிடும். மேலே எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது, அது கீழே இருக்கிறது.

தனிக் கோடாக இல்லாமல், அகலமாக மங்கலாகப் புகை படிந்த மாதிரி இருந்தால் அது வறட்டு உராய்வு. விளிம்பு சுத்தம், தூசியும் இல்லை, ஆனால் பிளாஸ்டிக் நேரடியாக வினைல் மேலேயே தேய்த்திருக்கிறது. மூன்றிலும் அடிக்கடி நடப்பது இது.

நடுவில் ஒரு படலம்

கருவிக்கும் வினைலுக்கும் நடுவே எப்போதும் வேறொன்று இருக்க வேண்டும். வெட்டிய எழுத்துகளுக்கு அது ஏற்கெனவே கையில் இருக்கிறது: டிரான்ஸ்ஃபர் டேப். எழுத்துகளை வரிசை கலையாமல் தூக்கிக்கொண்டு போய் வைக்கத்தான் அந்த டேப் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் இரண்டாவது வேலை கவசம். தேய்ப்பது எல்லாவற்றையும் டேப் மேலே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கீறல் டேப் மேல் விழட்டும், அது குப்பைக்குப் போகிற பொருள்தானே. நடுத்தரப் பிடிப்புள்ள டேப்பே போதும். அதிகப் பிடிப்புள்ளதை எடுத்தால், உரிக்கும்போது எழுத்தையும் சேர்த்துத் தூக்கும்.

அச்சிட்ட முழுத்தாளாக இருந்து, டேப் இல்லாமல் ஒட்டுகிறீர்கள் என்றால் ஸ்குவீஜியின் விளிம்பில் ஃபெல்ட் என்ற மென்மையான நார்த்துணிப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். ஃபெல்ட்டை லேசாக ஈரமாக்கினால் இன்னும் வழுக்கும். ஆனால் ஃபெல்ட்டுக்கும் ஆயுள் உண்டு. நாரெல்லாம் அமுங்கி இறுகிவிட்டால் அது தூசியைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அந்தக் கட்டத்தில் மாற்றிவிடுவதே மேல்.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு, அதற்குச் செலவும் இல்லை. வினைலை உரித்தபோது கையில் வந்த பின்தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் ஒரு பக்கம் சிலிகான் பூச்சு, அதனால்தான் பசை அதில் ஒட்டாமல் உரிகிறது. அந்த வழுவழுப்பான பக்கம் கீழே இருக்கும்படி, ஒட்டிய வினைல் மேல் தாளை வைத்து, ஒரு கையால் நகராமல் பிடித்துக்கொண்டு, தாளின் முதுகில் ஸ்குவீஜியை ஓட்டுங்கள். என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்: இழுபடுவது பிளாஸ்டிக்கும் தாளும். வினைலுக்கும் தாளுக்கும் நடுவே எந்த நகர்வும் இல்லை. வினைலுக்குப் போய்ச் சேர்வது வெறும் அழுத்தம். உராய்வு தாளோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் தேய்க்கலாம், ஒரு கோடு விழாது. தாளின் வழுவழுப்புப் பக்கத்தில் மட்டும் தூசி ஒட்டியிருக்கக் கூடாது.

டிரான்ஸ்ஃபர் டேப்பின் மேலேகூட, ஒரு துளி சோப்பு கலந்த நீரைப் பனி மாதிரித் தெளித்துக்கொண்டால் ஸ்குவீஜி தடையில்லாமல் ஓடும். இதையும் வினைலுக்கு அடியில் நீர் தெளித்து ஒட்டும் ஈர முறையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈர முறை கண்ணாடிக்கு அருமை. பேனரில் நான் அதைச் செய்வதில்லை. நெசவின் பள்ளங்களில் நீர் தங்கிவிடும், சோப்பு கொஞ்சம் கூடினாலும் பசையின் பிடிப்பு போய்விடும். பேனருக்கு உலர் முறைதான் என் தேர்வு.

கை எப்படிப் போக வேண்டும்

மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாம் கழற்றி வையுங்கள். இடுப்பு வார் கொக்கி மேசை விளிம்பில் உரசும் உயரத்தில் இருந்தால் அதையும்.

அரை மீட்டர் நீளமுள்ள ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பேனரைத் தொய்வில்லாமல் விரித்து, இடம் அளந்து, பின்தாளோடு வரியை வைத்து, சரியாக நடுவில் குறுக்காக ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். அது கீல் மாதிரி. இனி ஒரு பாதியைத் தூக்கினாலும் இடம் மாறாது. வலப் பாதியைத் தூக்கி, பின்தாளை நடு வரைக்கும் உரித்து, கத்திரிக்கோலால் வெட்டி எடுங்கள். பேனர் மேலேயே கத்தியை ஓட்டி வெட்டாதீர்கள், உள்ளே இருக்கும் நூல் அறுந்தால் அந்த இடத்திலிருந்து பேனர் கிழியத் தொடங்கும். வினைலை மேலே தூக்கிப் பிடித்தபடியே, கீலிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்குவீஜியால் கொஞ்சம் கொஞ்சமாகப் படிய விடுங்கள். ஸ்குவீஜியின் சாய்வு 45 பாகை அளவில் இருக்கட்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதி அகலத்தை மூட வேண்டும். எப்போதும் ஒரே திசை. முன்னும் பின்னுமாக அரக்கித் தேய்த்தால் சிக்கிய துகள் போன வழியே திரும்பி வரும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை விளிம்பைத் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். வலம் முடிந்ததும் கீல் டேப்பை எடுத்துவிட்டு இடப் பாதியும் அப்படியே.

அறையின் வெப்பம் 18 முதல் 25 பாகை செல்சியஸ் இருந்தால் வேலை இதமாக நடக்கும். 10க்குக் கீழே பசை சோம்பிவிடும். வெயிலில் வைத்து ஒட்டினால் பசை தொட்டதும் கவ்வும், வினைலும் இளகி இழுபடும், கீறலும் சுலபமாக விழும்.

டிரான்ஸ்ஃபர் டேப்பை உரிப்பதற்கு முன் சில நிமிடம் பொறுங்கள். உரிக்கும்போது மேல்நோக்கித் தூக்காமல், டேப்பைத் தன் மேலேயே மடித்து, பேனரை ஒட்டினாற்போலப் பின்னால் இழுக்க வேண்டும், மெதுவாக, மூலையிலிருந்து குறுக்காக. எழுத்தின் முனை கூடவே எழுந்து வந்தால் டேப்பைத் திரும்பப் படிய வைத்து அந்த இடத்தை இன்னொருமுறை அழுத்துங்கள்.

இதற்கு அப்புறம் வரும் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை. டேப் போய்விட்டது, எழுத்து அழகாகத் தெரிகிறது, ஓரங்களை ஒருமுறை அழுத்திவிடலாம் என்று அதே ஸ்குவீஜியை எடுத்து வெற்று வினைல் மேல் ஓட்டிவிடுவோம். அவ்வளவு நேரம் காத்ததெல்லாம் வீண். அந்தக் கடைசித் தேய்ப்புக்குத்தான் பின்தாள் கட்டாயம் வேண்டும். குமிழி தெரிந்தால் நகத்தால் தள்ளக் கூடாது. ஊசியால் குமிழியின் ஓரத்தில் ஒரு குத்து, மென்துணி சுற்றிய விரலால் எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்தினால் காற்று போய்விடும். கடுகளவுக் குமிழிகள் சில நாளில் தாமாகவே அடங்கும்.

அச்சிட்ட வினைலுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஈகோ சால்வென்ட் என்ற கரைப்பான் கலந்த மையில் அச்சிட்டிருந்தால், காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கரைப்பான் ஊறிக்கொண்டிருக்கும். அது வினைலையும் பசையையும் சேர்த்து இளக்கி வைக்கிறது. குறைந்தது 24 மணி நேரம் காற்றாட விட்டு, இறுக்கிச் சுருட்டாமல் தளர்வாக நிறுத்தி வைத்து, பிறகு மேலே தெளிந்த படலம் ஒட்டி லேமினேஷன் செய்யுங்கள். அதற்கு முன் ஒட்டினால் ஃபெல்ட்கூட மையைச் சுரண்டும். லேமினேஷன் போட்டபின் உரசலெல்லாம் மேலுள்ள தெளிந்த படலத்தில்தான் விழும், மை பத்திரமாக இருக்கும். அடிக்கடி சுருட்டி விரிக்கும் பேனரென்றால் மெல்லிய, துவளும் படலமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

விழுந்துவிட்ட கீறலை என்ன செய்வது? பளபளப்பு வினைலில் மெல்லிய கோடுகளாக இருந்தால் தலைமுடி உலர்த்தும் டிரையரின் இளஞ்சூடு சற்றுக் குறைத்துக் காட்டும். கை வைத்தால் பொறுக்கக்கூடிய சூடு போதும், அதற்கு மேல் போனால் பேனரே நெளியும். பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், அதில் இருக்கும் அரைபொடி புதுக் கீறல்களைப் போடும். நகம் தட்டுகிற ஆழமான கீறலுக்கு அந்த ஓர் எழுத்தை மாற்றுவதே வழி. டிரையரால் லேசாகச் சூடாக்கி, தாழ்ந்த கோணத்தில் மெல்ல உரித்து, தங்கிய பசையை ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதியதை ஒட்டலாம்.

ஒட்டிய பேனரை மறுநாள் வரை சுருட்டாதீர்கள். சுருட்டும்போது எழுத்து வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் வைத்தால் வினைல் நெருக்கப்பட்டு, குழாய் குழாயாகத் தூக்கிக்கொள்ளும். 8 சென்டிமீட்டர் விட்டமாவது உள்ள அட்டைக் குழாயில் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்றை விட்டுக்கொண்டே போனால் பேனரின் முதுகு எழுத்தின் மேல் உரசாது. ஓரத்தில் கயிறு கட்ட அடித்திருக்கும் உலோக வளையங்களின் மேல் ஒரு துணிப் பட்டையையும் வைத்துவிடுங்கள்.